ஸ்ரியரிங் லூஸ் என்று வரும் புது வாகனங்கள்: யாழ்ப்பாணத்துக் கராஜ்காரருக்கு ஒரு திறந்த மடல்

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் கராஜ் நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், சில்லு அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணத்தை அளந்து சரிசெய்வது) செய்யும் கடைக்காரருக்கும் வணக்கம்.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு, ஓடிய கிலோமீற்றர் குறைந்த ஜப்பான் வாகனங்கள் எங்கள் வீதிகளில் கூடிவிட்டன. அதோடு ஒரு முறைப்பாடும் கூடியிருக்கிறது. "அண்ணை, ஸ்ரியரிங் லூசாக் கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ." இதற்குப் பொதுவாக இரண்டு மறுமொழிதான் கிடைக்கிறது. ஒன்று, "இப்ப வாற வாகனம் எல்லாம் இப்பிடித்தான்." மற்றது, "றாக் போயிட்டுது, மாத்தோணும்." (றாக் என்பது ஸ்ரியரிங்கின் சுழற்சியை இடம் வலத் தள்ளலாக மாற்றிச் சில்லைத் திருப்பும் பற்சட்டம்.) முதலாவது மறுமொழி ஒரு தேய்ந்த போல் ஜொயின்டை (சில்லைத் தாங்கும் உருண்டை மூட்டு) ஆனையிறவு வெளியில் எண்பதில் ஓட விடலாம். இரண்டாவது, காற்று அடித்தே தீர்ந்திருக்க வேண்டிய குறைக்கு ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கரைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் அரை மணித்தியாலப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

"லூஸ்" என்பது ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல. வாகனக்காரர் நான்கு வேறு சங்கதிகளுக்கு அந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறார். ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சில்லு திரும்பாமல் வெறுமனே போவது ஒன்று. அதுதான் உண்மையான ஆட்டம். இரண்டாவது, ஒரு விரலால் திருப்பக்கூடிய அளவுக்கு இலேசாக இருப்பது. மூன்றாவது, நேர் வீதியில் வாகனம் அலைவது, ஓயாமல் திருத்திப் பிடிக்க வேண்டியிருப்பது. நான்காவது, திருப்பி விட்டால் தானாக நடுவுக்கு வராதது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. ஆகவே வாகனத்தை ஜக்கில் ஏற்றுவதற்கு முன் கேளுங்கள்: எந்த வேகத்தில்? கிடங்கில் விழும்போது சத்தம் வருதா? பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்குதா? ரயர் மாற்றியதா, உயர்த்தியதா, பற்றரி கழற்றியதா? முந்தி என்ன வாகனம் ஓடினவர்? இந்தக் கடைசிக் கேள்வியைச் சிறிதென்று நினைக்காதீர்கள். ஹைட்ரோலிக் பவர் ஸ்ரியரிங் உள்ள பழைய கொறொல்லாவிலிருந்து வகன் ஆருக்கு மாறிய ஒருவருக்கு, குறையே இல்லாத வகன் ஆரும் லூசாகத்தான் தெரியும்.

ஏன் அப்படித் தெரிகிறது என்பதை அவருக்கு விளக்கவும் எங்களுக்குத் தெரிய வேண்டும். வகன் ஆர், அல்ரோ, விட்ஸ், அக்குவா, அக்சியோ போன்ற சின்ன வாகனங்களில் உதவி மோட்டார் டாஷ்போட்டுக்குக் கீழே ஸ்ரியரிங் தண்டிலேயே இருக்கிறது. தண்டுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. நாங்கள் திருப்பும்போது அது சில பாகை முறுகும்; எவ்வளவு முறுகியது என்பதை சென்சர் அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்ற பலம் கொடுக்கும். வேகம் குறைவு என்றால் உதவி கூட, வேகம் கூடினால் உதவி குறைவு. வீதியிலிருந்து கைக்கு வரும் அதிர்வை மோட்டாரும் அதன் பற்சக்கரமும் விழுங்கிவிடுவதால், பழைய வாகனத்தில் போல "வீதி கையில் தெரியாது". அது குறை அல்ல, அமைப்பு. ஆனால் ஒன்று: இலேசாக இருப்பதும் ஆடுவதும் வேறு வேறு என்பதை அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது.

அளப்பது சுகம். வாகனத்தைச் சம தரையில் நிறுத்தி, சில்லு நேராக, எஞ்சின் ஓட வையுங்கள். ஹைபிரிட் என்றால் ரெடி விளக்கு எரிய வேண்டும். ஸ்ரியரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு மாஸ்கிங் ரேப் ஒட்டி, பேனையால் ஒரு கோடு. அதற்கு நேரே டாஷ்போட்டில் ஒரு அடிமட்டத்தை நிறுத்துங்கள். ஒருவர் முன் சில்லின் ரயரைக் கண் வாங்காமல் பார்க்க, மற்றவர் சுட்டுவிரலால் மட்டும் வளையத்தை இடம் வலமாகத் தள்ள வேண்டும். ரயர் அசையத் தொடங்கும் வரை கோடு எவ்வளவு நகருகிறது என்பதுதான் ஆட்டம். டொயோட்டா தன் கார்களுக்குக் கொடுக்கும் மேல் எல்லை 30 மில்லிமீற்றர். 370 மில்லிமீற்றர் விட்டமுள்ள வளையத்தில் அது ஏறத்தாழ 9 பாகை. அது மேல் எல்லை மட்டுமே, நல்ல வாகனத்தில் அதிலும் எவ்வளவோ குறைவாகத்தான் இருக்கும். 20 மில்லிமீற்றர் காட்டும், 15,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடிய வாகனத்தை "எல்லைக்குள்ளதானே" என்று அனுப்பாதீர்கள், தேடுங்கள். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு இதைச் செய்தால் முறுக்குக் கம்பி முறுகுவதை ஆட்டம் என்று எண்ணி ஏமாறுவீர்கள். கையில் வித்தியாசம் தெரியும்: கம்பி முறுகினால் ரப்பர் போல எதிர்த்து மீளும், ஆட்டம் என்றால் எதிர்ப்பே இல்லாத வெறும் இடம்.

ஸ்பனரைத் தொட முன் ரயர். எங்கள் பக்கத்தில் ஒட்டுப் போடும் கடையில் எல்லா வாகனத்துக்கும் ஒரே காற்று அடிக்கிற பழக்கம் இருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் அந்த வாகனத்துக்கான அளவு இருக்கும். ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டாம், இலக்கம் போதும். 230 என்று இருந்தால் அது கிலோபஸ்கால், அதாவது 33 பிஎஸ்ஐ. அருகில் 2.3 என்று இருப்பதும் அதே அளவுதான். 220 என்றால் 32, 250 என்றால் 36. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு இருக்கலாம், பாருங்கள். காலையில் வாகனம் ஓட முன் அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓடி வந்த ரயரில் அளந்து, கூட இருக்கிறது என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்துபோய் நிற்கும். காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச் சுவர் நெளிந்து, ஸ்ரியரிங் பிந்திப் பதில் சொல்லும். மிஞ்சினால் வாகனம் சின்னச் சின்னக் கல்லுக்கும் துள்ளி அலையும். கப்பலில் வரும் புது வாகனத்துக்குக் காற்றைக் கூட்டி அடித்து அனுப்புவதும் உண்டு. இறங்கிய பிறகு யாரும் இறக்காமல் அப்படியே ஓடித் திரிவதும் உண்டு.

ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 1819 என்றால் 2019 ஆம் ஆண்டின் 18 ஆம் கிழமை. பூ (தரையில் படும் வெட்டு) நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் போன ரப்பர் பக்கச் சுவரில் வெடித்திருக்கலாம். இப்போதுதான் புது ரயர் போட்டது என்றால், ஆழமான பூ முதல் சில நூறு கிலோமீற்றருக்கு நெளிந்து கொடுக்கும், பிறகு சரியாகும். ஒரு பக்கம் இழுத்தால் முன் இரண்டு சில்லையும் இடம் வலம் மாற்றிப் பூட்டி ஓடிப் பாருங்கள் (சுழலும் திசை அம்புக்குறி போட்ட ரயர் என்றால் இப்படி மாற்றக் கூடாது). இழுவை மறுபக்கம் மாறினால் குறை ரயரில். அலைன்மென்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

சில்லு நட்டுகளும் இங்கேதான் வரும். இறுக்க வேண்டிய அளவு பொதுவாக டொயோட்டா கார்களுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீற்றர். கம்பியை மாட்டிக் காலால் மிதித்து இறுக்கினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். இறுக்கும் அளவைக் காட்டும் ரோர்க் ஸ்பனர் ஒன்று இல்லாத கராஜ் இருக்கக் கூடாது.

இனிக் கீழே போவோம். இந்தப் பகுதியில்தான் அதிகம் தவறு நடக்கிறது, ஆகவே விரிவாகச் சொல்கிறோம். பெரும்பாலானோர் வாகனத்தை ஜக்கில் தூக்கிச் சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதோடு முடித்துவிடுகிறார்கள். பாரம் இல்லாமல் தொங்கும் சில்லில் சில ஆட்டம் ஒளிந்துவிடும். முதல் பரிசோதனை சில்லு தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். குழியின் மேல் அல்லது நான்கு சில்லும் ஏறி நிற்கும் லிஃப்டில் வாகனத்தை நிறுத்துங்கள். எஞ்சின் ஓட, ஒருவர் உள்ளே இருந்து ஸ்ரியரிங்கை இடம் வலமாக மூன்று விரல் அகலத்துக்கு, விடாமல், வேகமாக ஆட்ட வேண்டும். கீழே நிற்பவர் ரை றொட் என்டை (றாக்கிலிருந்து சில்லுக்குப் போகும் ரை றொட் கம்பியின் வெளி மூட்டு) கையால் பொத்திப் பிடிக்க வேண்டும், பெருவிரலின் ஒரு பாதி கம்பியிலும் மறு பாதி நக்கிளிலும் (சில்லைத் தாங்கித் திரும்பும் இரும்பு) படும்படியாக. நல்ல ஜொயின்டில் இரண்டும் ஒன்றாகப் போகும். தேய்ந்ததில் கம்பி முதலில் அசையும், ஒரு நொடித்துளி பிந்தி நக்கிள் அசையும். அந்த இடைவெளி பெருவிரலில் "டிக்" என்று குத்தும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீற்றரையும் விரல் சொல்லிவிடும். அடுத்தது றாக் என்ட், அதே கம்பியின் உள் மூட்டு. அது ரப்பர் உறைக்குள் இருப்பதால் பலர் தொடுவதே இல்லை. உறையைக் கையால் அமத்தி, உள்ளே இருக்கும் உருண்டையை உறையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதே ஆட்டத்தைச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஒழுங்கைக் கிடங்குகள் முதலில் தின்பது இந்த றாக் என்டைத்தான். முழு றாக்கும் போய்விட்டது என்று மாற்றிய வாகனங்களில், றாக் என்ட் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமாயிருந்தவை நிறைய.

அதே ஆட்டத்திலேயே றாக்கின் உடம்பைப் பாருங்கள். அது சட்டத்தோடு சேர்ந்து அசையாமல் இருக்க வேண்டும். இடம் வலம் நகர்ந்தால் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. மேலே, கால் மிதிக்கும் இடத்துக்குக் கிட்ட, தண்டையும் றாக்கையும் இணைக்கும் இடைத் தண்டு இருக்கிறது. அதன் குறுக்கு மூட்டுகளிலும் பல் பொருந்தும் இடத்திலும் கை வைத்துப் பாருங்கள். இடுக்கிப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் ஆட்டம் முழுக்க அங்கேதான். 2012 நவம்பரில் டொயோட்டா உலகளவில் 27 இலட்சத்துக்கும் மேலான வாகனங்களைத் திரும்ப அழைத்ததற்கு இந்த இடைத் தண்டும் ஒரு காரணம். மெதுவாக ஓடும்போது கடைசி வரை பலமாகத் திருப்பித் திருப்பி அந்தப் பற்கள் தேயக் கூடும் என்று கண்டார்கள். 2004 முதல் 2009 வரையான பிரியஸ் அதில் அடங்கியது. அந்தப் பிரியஸ்கள் இன்னும் எங்கள் வீதியில் ஓடுகின்றன.

பிறகுதான் ஜக். முன் சில்லைத் தூக்கி, தாங்கியில் நிறுத்தி (ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக் கூடாது), மணிக்கூட்டின் 12 உம் 6 உம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் சில்லு பெயாரிங். மிதித்தும் நிற்காவிட்டால் கீழ் போல் ஜொயின்ட் அல்லது மேலே ஸ்ரட் மவுண்ட் (ஷொக் அப்சோபரின் மேல் முனையைப் பிடிக்கும் இடம்). 3 உம் 9 உம் பிடித்து ஆட்டினால் ரை றொட் பக்கம் தெரியும். லோவர் ஆர்மின் (நக்கிளைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) பின் புஷ்ஷை நெம்புகோலால் தள்ளிப் பாருங்கள். ரப்பர் பிளந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போதும் அக்சிலேற்றர் மிதிக்கும்போதும் வாகனம் வெவ்வேறு பக்கம் போகும். அதை வாகனக்காரர் லூஸ் என்றுதான் சொல்வார். பின் அச்சின் புஷ் போனாலும் வால் பக்கம் தானாகத் திரும்பி, குறை ஸ்ரியரிங்கில் இருப்பது போலவே காட்டும். ஆகவே பின்னுக்கும் போய்ப் பாருங்கள். ஸ்ரெபிலைசர் லிங்க் (வளைவில் வாகனம் சாய்வதைக் குறைக்கும் தண்டின் இணைப்பு) தட்டும், சத்தம் போடும், ஸ்ரியரிங்கை லூசாக்காது. சத்தத்துக்கு மாற்றுங்கள், ஆட்டத்துக்கு மருந்தென்று சொல்லி மாற்றாதீர்கள்.

கிழிந்த ரப்பர் உறையைக் கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள். பண்ணைத் தாம்போதியின் உப்புக் காற்றும் கார்த்திகை மார்கழி வெள்ளமும் வலிகாமத்துச் செம்மண்ணும் ஒரு கிழிசலுக்குள் போனால் ஜொயின்ட் சில மாதம்தான் தாங்கும். இப்போதைய ஜொயின்டுகளுக்கு கிறீஸ் நிப்பிள் கிடையாது. ஊசியால் கிறீஸ் ஏற்றினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், தேய்மானம் அடங்காது. அதோடு நீங்கள் குத்திய ஓட்டையால் தண்ணீரும் போகும்.

இப்போது மிக முக்கியமான கோரிக்கை. யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் ஒஸ்ரின் ஏ40 உம் கேம்பிறிட்ஜும் ஐம்பது அறுபது வருடம் தாண்டி ஓட வைத்த பரம்பரை. அந்தக் கைப்பழக்கம் பெரிய சொத்து. ஆனால் அந்த வாகனங்களில் ஸ்ரியரிங் பெட்டி இருந்தது. ஆட்டம் வந்தால் பெட்டியின் சீராக்கும் இடத்தை இறுக்குவது சரியான வைத்தியம். அதே எண்ணத்தோடு புது வாகனத்தின் றாக்கில் பினியனுக்கு (றாக்கைத் தள்ளும் சின்னப் பற்சக்கரம்) பின்னால் இருக்கும் பெரிய மூடி நட்டை இறுக்காதீர்கள். அதற்குள் இருப்பது றாக்கைப் பினியனோடு அமத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் தாங்கியும். றாக் அதிகம் தேய்வது நடுப்பகுதியில், ஏனெனில் நாங்கள் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறோம். நடுவில் ஆட்டம் போகும்படி இறுக்கினால் தேயாத இரு கரையிலும் பிடித்துக்கொள்ளும். சந்தியில் திருப்பிய ஸ்ரியரிங் திரும்பி வராமல் நிற்கும். முன் ஆட்டத்தோடு ஓடியதை விட அது ஆபத்து. அந்த நட்டுக்கு ஒவ்வொரு மொடலுக்கும் எவ்வளவு இறுக்கி எத்தனை பாகை தளர்த்துவது என்று திருத்தக் கைநூலில் அளவு உண்டு. அளவு கையில் இல்லாவிட்டால் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் முழுக்க இடமும் வலமும் திருப்பி, பிறகு குறைந்த வேகத்தில் ஓடி, தானாக நடுவுக்கு வருகிறதா என்று பார்க்காமல் வாகனத்தைக் கொடுக்காதீர்கள். (மொறிஸ் மைனருக்கு 1948 இலேயே றாக்தான். அதைத் திருத்திப் பழகியவர்களுக்கு இது புதிதாக இராது.)

வாகனத்தின் கணினியில் பதிந்த குறைக் கோட்களை வாசிக்கும் ஸ்கானர் பற்றி. மாட்டிப் பார்த்து, "கோட் ஒன்றும் இல்லை, வாகனம் சரி" என்பது மறுமொழி ஆகாது. தேய்ந்த ரை றொட் என்டுக்கு சென்சர் கிடையாது. மின் பக்கம் குறை வந்தால் பெரும்பாலும் ஸ்ரியரிங் இறுகும், லூசாகாது. பற்றரி பலவீனமானாலும் அப்படித்தான். ஸ்கானர் உதவும் இடம் வேறு. தண்டோ றாக்கோ கழற்றிப் பூட்டிய பிறகு முறுக்கு சென்சரின் பூச்சியத்தைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரு பக்கம் இலேசாகவும் மறு பக்கம் பாரமாகவும் இருக்கலாம். கை விட்டால் ஒரு பக்கம் போகலாம். டொயோட்டாவில் சி1515 என்ற கோட் அந்தப் பூச்சியம் எடுக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது. சம தரையில், சில்லு நேராக, ஸ்ரியரிங்கில் கை படாமல் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கை பட்டிருந்தால் அந்தக் கை அமத்தலையே பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும்.

நடுவில் பிடித்துப் பிடித்து விடுவதும் உண்டு. கொஞ்சத் தூரம் நேராக ஓடிய பிறகு சின்னத் திருத்தம் செய்யும்போது ஸ்ரியரிங் ஒட்டிக்கொண்டு பிறகு சட்டென்று விடும். சாரதி தேவைக்கு மேல் திருப்பிவிடுவார், வாகனம் அலையும். 2024 ஒக்ரோபரில் அமெரிக்காவில் ஹொண்டா ஏறத்தாழ 17 இலட்சம் புது வாகனங்களைத் திரும்ப அழைத்தது இதற்குத்தான். ஸ்ரியரிங் கியர் பெட்டிக்குள் உராய்வு கூடியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றால் கொம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் சசி இலக்கத்தைக் கொடுத்து, அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அலைன்மென்ட் கடைக்காரருக்கு. ஆட்டம் உள்ள வாகனத்துக்கு அலைன்மென்ட் போடாதீர்கள்; தளர்ந்த ஜொயின்டில் எடுத்த அளவு கடையின் வாசலைத் தாண்ட முன்பே மாறிவிடும். கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புவது கஷ்டம் என்று தெரியும், ஆனால் அனுப்புங்கள். நான்கு சில்லையும் அளந்து, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவை அச்சிட்டுக் கொடுங்கள். முன் சில்லுகளின் முன்விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வாகனம் அலையும். காஸ்ரர் (சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்தால் தானாக நடுவுக்கு வராது. இரண்டு பக்கத்துக்கும் அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் குறைந்த பக்கம் இழுக்கும். இந்த வாகனங்கள் பலவற்றில் காஸ்ரரைச் சீராக்க இடமில்லை. ஆகவே அளவு பிழை என்றால் எங்கோ வளைந்திருக்கிறது அல்லது முன் சட்டம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்க ரை றொட்டையும் சரி சமமாகத் திருப்புங்கள். ஸ்ரியரிங் கோணலாக நிற்கிறது என்று வளையத்தைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டுவது வேண்டவே வேண்டாம். கோண சென்சரின் நடு பிழைக்கும். உள்ளே எயார்பாக்கும் இருக்கிறது. பற்றரியின் நெகற்றிவைக் கழற்றி டொயோட்டாவில் 90 செக்கன், ஹொண்டாவில் 3 நிமிடம் பொறுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது. றாக் கழற்றும்போது வளையம் சுழலாமல் சீற் பெல்ட்டால் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வளையத்துக்குள் எயார்பாக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருள் கேபிள் அறுந்து, எயார்பாக் விளக்கு எரியத் தொடங்கும்.

கிடங்குக்குப் பயந்து ஸ்பேசர் போட்டு உயர்த்திய வாகனம் என்றால் ரை றொட்டின் சாய்வு மாறி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் சில்லு தானாகத் திரும்பும். எந்தச் சாமான் மாற்றியும் அது தீராது. உயர்த்தியதை இறக்க வேண்டும் என்று நேரே சொல்லுங்கள்.

கடைசியாக ஓடிப் பார்ப்பது. எங்கள் வீதிகள் தண்ணீர் வழியக் கரைப்பக்கம் சாய்ந்தவை. இடது பக்கம் ஓடும்போது வாகனம் மெதுவாக இடதுக்குப் போவது இயல்பு. சோளகம் வீசும் காலத்தில் பண்ணைத் தாம்போதியிலோ சங்குப்பிட்டியிலோ ஆனையிறவிலோ ஓடிப் பார்த்து, உயரமான வகன் ஆர் அலைகிறது என்று முடிவு எடுக்காதீர்கள். காற்று அடங்கிய காலை வேளையில், சமமான வீதியில், முதலில் 40 இல், பிறகு 60 இல் பாருங்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தானாகத் திருப்பும் வசதி உள்ள புது வாகனம் என்றால் அதை நிறுத்திவிட்டு ஒருமுறை, போட்டுவிட்டு ஒருமுறை ஓடுங்கள். அழிந்த கோட்டைத் தேடி அது ஸ்ரியரிங்கைத் தட்டுவதையும் ஆட்டம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

மாற்றிய பழைய சாமானை வாகனக்காரரின் கையில் கொடுங்கள். தேய்ந்த போல் ஜொயின்டை அவரே பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். பிளந்த கொட்டர் ஊசியையும் தானாகப் பூட்டும் நட்டையும் திரும்பப் பாவிக்காமல் புதிது போடுங்கள். அவற்றின் விலை கணக்கில் தெரியவே தெரியாது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய றாக் எடுப்பித்தால், பூட்ட முன் பினியனைக் கையால் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை திருப்பிப் பாருங்கள். நடுவில் இளகி, கரையில் இறுகினால் அது கழற்றியதை விடத் தேய்ந்த றாக். வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரியரிங், சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் சிலர்,
யாழ்ப்பாணம்.